அப்பிளர் கழித்துவிட்ட அப்பிள்கள்

கொழும்புத் துறைமுகத்தைக் கட்டிய நாளிலிருந்து இன்றுவரை இந்த நாட்டுக்குள் உருப்படியான ஓர் அப்பிள்கூட வந்து இறங்கியதில்லை. இது என்னுடைய கருத்தல்ல, எங்கள் அப்பிளருடைய கருத்து. நாங்கள் எல்லோரும் அப்பிளைச் சாப்பிட்டுவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கிறவர்கள். அவர் அப்பிளைச் சாப்பிடவும் மாட்டார், அதைப்பற்றிக் கதைப்பதை நிறுத்தவும் மாட்டார்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருக்கிறது. தபால்காரருக்கு அது தெரிந்திருக்கலாம். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் அவர் முகத்துக்கு நேரே அண்ணை, முதுகுக்குப் பின்னால் அப்பிளர். எங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில் அவருடைய கதவும் என்னுடைய கதவும் எதிரும் புதிரும். லிப்ட் வேலை செய்யாத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், படியேறும்போது அவரோடுதான் மூச்சு வாங்க வேண்டும். முதல் முறை சந்தித்தபோது என்னிடம் அவர் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. கையில் நான் வைத்திருந்த அப்பிள் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "முப்பது வீதம் பழுது, பிள்ளை" என்றார். அதற்குப் பிறகுதான் வணக்கம் சொன்னார்.

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவர் பார்த்த உத்தியோகம் அப்படி. கப்பலில் குளிர்ப்பெட்டிகளில் வரும் பழங்களில் எவ்வளவு பழுதாகிவிட்டது என்று பார்த்துக் காப்புறுதிக்காரருக்குச் சொல்வதுதான் அவருடைய வேலை. நல்ல பழம் வந்த பெட்டிக்கு அவரை யார் கூப்பிடப் போகிறார்கள்? பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வேண்டி வந்தால்தான் ஆள் அனுப்புவார்கள். ஆயுள் முழுக்கக் கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் செத்த வீட்டுக்கு மட்டும் போய்வந்த மனிதருக்கு உலகம் வேறு எப்படித் தெரியும்? ஓய்வு பெற்ற பிறகும் அவர் கணக்கை நிறுத்தவில்லை. எங்கள் லிப்ட் அறுபது வீதம் பழுது. காலி வீதிப் போக்குவரத்து எண்பது. கிரிக்கெட் அணியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் கையை விரிப்பார், அதுதான் நூறு.

அப்பிளைச் சோதிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் காதோடு வைத்து விரலால் சுண்டுவார். பிறகு தோளில், அதாவது காம்புக்குப் பக்கத்தில், பெருவிரலால் மெதுவாக அமத்துவார். பிறகு காம்படியை மோந்து பார்ப்பார். கடைசியில் பெருமூச்சு விட்டு, காம்படியில் நகத்தால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறி விழுந்தால் அப்பிள் கழித்தாகிவிட்டது என்று அர்த்தம். குறி விழாத அப்பிளை நான் கண்டதில்லை.

வெள்ளவத்தைச் சந்தைக்கு எதிரே நடைபாதையில் அப்பிள் விற்கும் ஒரு சிங்கள மனிதர் இருக்கிறார். பேரப்பிள்ளை கண்டவர். அவரையும் அப்பிளர் மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொன்றாக எடுத்துச் சுண்டி, அமத்தி, "மல்லி, மேக்க நரக் வெலா" என்று, அதாவது இது பழுதாகிவிட்டது என்று, சுற்றி நிற்கிற சனத்துக்கெல்லாம் கேட்கும்படி அறிவிப்பார். அவர் போன பிறகு அந்தத் தட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு வியாபாரம் நடக்காது. கடைசியில் மல்லி ஒரு வழி கண்டுபிடித்தார். அப்பிளரின் வெள்ளைத் தொப்பி தூரத்தில் தெரிந்ததும் அப்பிள்களைச் சாக்கால் மூடிவிட்டு அதற்கு மேல் தானே ஏறி உட்கார்ந்துவிடுவார். அப்பிளர் வந்து, சாக்குக்குக் கீழே என்ன என்று கேட்பார். உருளைக்கிழங்கு என்பார் மல்லி. இருவருக்கும் உண்மை தெரியும். இருந்தும் சுகம் விசாரித்துக்கொண்டு மரியாதையாகப் பிரிவார்கள்.

என் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்று நான் செய்த ஒரே பிழை, பழத்தட்டை வாசலுக்குப் பக்கத்தில் வைத்தது. மாப்பிள்ளை வீட்டார் கீழே வாகனத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் குங்குமத்தைத் தேடி உள்ளே போய் வருவதற்குள், மனிதர் என் சமையலறைக் கத்தியால் தட்டிலிருந்த அத்தனை அப்பிளையும் நடுவாலே பிளந்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் மண்ணிறம். "வெளியாலதான் மினுக்கம். உள்ளுக்குப் பழுதாகிக் கனநாள்" என்று எனக்கு விளக்கம் வேறு. மாப்பிள்ளையின் தாய் உள்ளே வந்து, தட்டையும் கத்தியையும் பார்த்து, இது எந்த ஊர் வழக்கம் என்று மெதுவாகக் கேட்டார். கொழும்பு வழக்கம் என்று சொல்லித் தப்பினேன். இன்றைக்கும் அந்த அம்மாள் யார் வீட்டு நிச்சயத்துக்குப் போனாலும் அப்பிளைப் பிளந்து வைக்கவில்லையா என்று கேட்கிறாராம்.

இப்படிப்பட்டவரோடு ஒரு மனுசி எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று கேட்பீர்கள். பரிமளக்கா குடும்பம் மட்டும் நடத்தவில்லை, அதை வைத்து எங்களுக்கெல்லாம் சாப்பாடும் போட்டார். அப்பிளர் கழித்துக் குப்பை வாளிக்குள் போடுவார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அக்கா இந்தப் பக்கம் எடுத்துக் கழுவி, பழுதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் துண்டு துண்டாக்கி உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி, ஒரு பீங்கானில் போட்டு நான்காம் மாடி முழுக்கக் கொண்டுபோவார். எதிரெதிரே வருடக்கணக்காக இருந்தும் பேர் தெரியாமல் வாழ்கிற சனம் நாங்கள். அந்தப் பீங்கான்தான் எங்களைக் கதைக்க வைத்தது. அப்பிளுக்கு மிளகாய்த்தூள் போடுவதைக் கண்டால் அப்பிளர் கண்ணை மூடிக்கொள்வார். "மனுசர் செய்யிற வேலையே இது?" என்று பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்து நிற்பார். அக்கா எங்களுக்குக் கண்ணடிப்பார். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து இந்த மனுசன் கழித்த அப்பிளைத்தான் தான் சாப்பிட்டதாகவும், அதில் ஒரு குறையும் கண்டதில்லை என்றும் சொல்வார்.

ஒரே ஓர் அப்பிளைப் பற்றித்தான் அப்பிளர் மரியாதையாகக் கதைப்பார். அதன் பெயர் ஹனிகிறிஸ்ப். லிப்ட் நின்றிருந்த ஒரு நாள், இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது எனக்கு முழுக் கதையும் சொன்னார். மஞ்சள் தோலில் அங்கங்கே சிவப்புத் தீற்றின மாதிரி இருக்குமாம், பார்வைக்கு ஒன்றும் பெரிய அழகில்லை. ஆனால் கடித்தால் மற்ற அப்பிள் மாதிரிப் பிய்ந்து வராது, உடைந்து வரும். உள்ளே இருக்கிற கண்ணறைகள் அவ்வளவு பெரிது, ஒவ்வொன்றும் சாறு. இனிப்போடு ஒரு சின்னப் புளிப்பு. குளிரில் வைத்தால் மாதக்கணக்காக மாப்பிடிக்காது. தோல் அவ்வளவு மெல்லிசு என்பதால், ஒன்றின் காம்பு மற்றதைக் குத்தாமல் இருக்கப் பிடுங்கும்போதே ஒவ்வொரு காம்பையும் கத்தரியால் நறுக்குவார்களாம். அதிலும் பழுது உண்டு. சத்துக் குறைந்தால் தோலில் மண்ணிறப் பொட்டு விழும், அந்த இடம் கைக்கும்.

அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பிறகு சொன்னதுதான் மனதில் நின்றது. அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சித் தோட்டத்தில் அதன் முதல் மரம் குளிரில் அடிபட்டு நோஞ்சானாக நின்றதாம். இது உதவாது, கழித்துவிடுங்கள் என்று யாரோ குறித்தும் வைத்துவிட்டார்களாம். பிறகு வந்த ஒருவர், இன்னொரு தரம் பார்ப்போமே என்று அதை விட்டுவைத்தார். இல்லாவிட்டால் அப்படி ஓர் அப்பிளே உலகத்தில் இருந்திருக்காது.

"கழி எண்டு எழுதினவனும் என்னை மாதிரி ஒருத்தன்தான், பிள்ளை" என்றார். "அவனில பிழை இல்லை. மரம் பழுதாத்தான் நிண்டிருக்கும். ஆனா அவன்ர நித்திரையை யோசிச்சுப் பார்."

அந்த அப்பிள் ஒரே ஒரு தடவை அவர் கைக்கு வந்ததாம். வழியில் குளிர்ப்பெட்டி நின்றுபோய், திறந்தபோது எல்லாம் கரைந்து கிடந்தது. முழுவதையும் கழித்துவிட்டார். அடியில் ஒன்று நன்றாக இருந்த மாதிரி இருந்ததாம். சோதிக்க வந்தவர் வாயில் வைக்கக் கூடாது என்பது ஒழுங்கு. அதிலும் குறியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த ஒன்றுக்காகத்தான் அவர் மற்ற எல்லா அப்பிளிடமும் கோபித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

போன வருடம் பரிமளக்கா சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு படியேற முடியவில்லை. பிறகு களுபோவில ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் கிடந்தார். எங்கள் சனத்துக்கு நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகத் தெரியாது. ஆளுக்கொரு பை அப்பிள். நோயாளி அதைச் சாப்பிட மாட்டார். வீட்டுக்காரர் அந்தப் பையை அடுத்த நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார். அவர் அதை இன்னொருவரிடம் கொடுப்பார். கட்டிலடியில் பைகள் குவிய, அப்பிளர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வந்தவர்களின் முகத்துக்கு முன்னாலேயே ஒவ்வொன்றாகச் சுண்டிக் கழித்துக்கொண்டிருந்தார். ஹெந்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு சொந்தக்காரப் பெண் அழுதுகொண்டே போனார்.

ஒரு நாள் மாலை ஒருவர் புதுப் பை ஒன்றோடு வந்தார். அப்பிளர் ஒன்றை எடுத்தார், சுண்டினார், காம்படியை மோந்தார். அப்படியே நின்றுவிட்டார். காம்படியில் ஏற்கெனவே ஒரு பெருக்கல் குறி. அவருடைய நகக் குறி. போன கிழமை அவர் கழித்து, நான் எடுத்துக்கொண்டுபோய்க் கொம்பனித்தெருவில் ஒரு நோயாளிக்குக் கொடுத்த அப்பிள் அது. எத்தனை கட்டில் சுற்றியதோ, சரியாக இங்கேயே திரும்பி வந்திருந்தது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவுக்கு ஓடினேன். கட்டிலில் அக்காவும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

இரண்டு நாளில் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், அவர் ஆசைப்படுகிற எதையும் கொடுக்கலாம், இனி ஒன்றுக்கும் கட்டுப்பாடு இல்லை. நல்ல மனிதர், தோளில் கை வைத்துத்தான் சொன்னார். அப்பிளர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து மர வாங்கில் உட்கார்ந்தார்.

"இந்த வசனம் எனக்குத் தெரியும், பிள்ளை. நான் வேற சொல்லால எழுதினனான். கழிச்சுவிட்டிட்டினம்."

நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார். கஞ்சி, பால், இளநீர் எல்லாம் வந்து வந்து திரும்பிப் போயின. ஒரு நாள் மட்டும், அப்பிள் துண்டு கிடந்தால் கொஞ்சம் பார்க்கலாம் என்று சொன்னாராம். அப்பிளர் வந்து என் கதவைத் தட்டினார். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு பெரிய கடையில் ஹனிகிறிஸ்ப் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டாராம், தனியாகப் போகப் பயமாக இருக்கிறதாம். கப்பல் கப்பலாகக் கழித்த மனிதருக்குப் பயம்.

கடையில் ஒரு சின்னக் கூடைக்குள் சில அப்பிள்கள் வலைச்சட்டை போட்டுக்கொண்டு இருந்தன. அப்பிளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதலாவதில் மண்ணிறப் பொட்டு. அடுத்ததில் பக்கத்து அப்பிளின் காம்பு குத்திய துளை. மற்றதின் தோளை அமத்தினார், உதட்டைப் பிதுக்கினார். கூடை முழுவதும் முடித்துவிட்டு என்னைப் பார்த்து, வா போவம் என்றார். வெறுங்கையோடு.

எனக்கு வந்த ஆத்திரம் கடைக்காரருக்கும் கேட்டிருக்கும். "அண்ணை, அக்கா அங்க பச்சைத் தண்ணியும் இல்லாமல் கிடக்கிறா. நீங்கள் இங்க சோதினை வைக்கிறீங்கள்" என்றேன்.

"பழுதானதைக் கொண்டுபோய் அவளுக்கு எப்பிடிக் குடுக்கிறது?"

"அக்கா உங்கட வீட்டில வேற என்னத்தைச் சாப்பிட்டவ?"

கேட்ட பிறகுதான் கூடிப்போய்விட்டது என்று எனக்குப் பட்டது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கடையில் நின்றார். சனம் சுற்றிக்கொண்டு போனது. பிறகு மெதுவாகத் திரும்பிப் போய், முதலாவது பார்த்த அந்தப் பொட்டு விழுந்த அப்பிளை எடுத்தார். குறி போடவில்லை. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தார்.

வீட்டில் அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். "கழிச்சதோ?" என்று கேட்டார்.

"ஓம். கழிச்சதுதான்."

"அப்ப தாங்கோ."

நான் கத்தி எடுக்கப் போனேன். அவர் விடவில்லை. பொட்டுகளைத் தானே நோண்டி எடுத்தார், தானே வெட்டினார். கத்தி இறங்கும்போது டக்கென்று சத்தம் கேட்டது, வாசலில் நின்ற எனக்கே கேட்டது. பிறகு குசினிக்குப் போய் உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் எடுத்து வந்தார். ஆயுளுக்கும் காத்திருந்த அப்பிளுக்கு மிளகாய்த்தூள் தூவினார், கண்ணை மூடாமல். அக்கா மெல்லிய துண்டு இரண்டு சாப்பிட்டார். வாய்க்குள் அது உடைகிற சத்தத்துக்குப் புருவத்தை உயர்த்தினார். மூன்றாவதை எடுத்து அவர் வாயருகே நீட்டினார். அப்பிள் சாப்பிடாத அப்பிளர் வாயைத் திறந்தார்.

"எத்தினை வீதம்?" என்று கேட்டார் அக்கா.

அவர் கனநேரம் மென்றார். "இண்டைக்குக் கணக்குப் பாக்கேல்லை" என்றார்.

அந்த மாதம் முடியுமுன் பரிமளக்கா போய்விட்டார். எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைப்பது எங்கள் வழக்கம். வடை, முறுக்கு, மாம்பழம் எல்லாவற்றோடும் யாரோ பளபளவென்று ஒரு தட்டு அப்பிளும் கொண்டுவந்து வைத்தார்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அப்பிளரைப் பார்த்தோம். என் சம்பந்தியம்மாகூடக் கத்தி எங்கே என்று தேடினார். அவர் அந்தத் தட்டை வாங்கி அப்படியே படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தார். ஒன்றைக்கூடச் சுண்டவில்லை. அவர் அழுதிருந்தாலும் தாங்கியிருப்பேன், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆள் ஆளாக இல்லை. லிப்ட் ஒரு கிழமை நின்றது, ஒரு வீதமும் சொல்லவில்லை. கிரிக்கெட்டில் தோற்றோம், கையை விரிக்கவில்லை. சந்தையில் மல்லி என்னைக் கண்டு கூப்பிட்டார். அந்த அய்யேவுக்கு, அதாவது அண்ணைக்கு, சுகமில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். நேற்று வந்தாராம். பழக்கத்தில் மல்லி சாக்கை இழுத்து மூடப் போக, வேண்டாம், கையில் வருவதைத் தா என்றாராம். மல்லி கொடுத்ததைப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். அதில் ஒன்று அழுகல் என்று சொல்லி மல்லி தலையைச் சொறிந்தார். தனக்கு இரவு முழுக்க மனசு சரியில்லை என்றார்.

அங்கே நின்று யோசித்தேன். பிறகு, "மல்லி, நரக் வெச்ச ஏவா தியெனவத?" என்று கேட்டேன். பழுதானது ஏதும் இருக்கிறதா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்பது அவர் வியாபாரத்தில் அதுதான் முதல் தடவை. சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சத்தியம் பண்ணத் தொடங்கினார். யாருக்கு என்று சொன்னதும் நிறுத்தினார். தட்டுக்கு அடியில் கையை விட்டு, எறிவதற்கென்று வைத்திருந்த பெட்டியை இழுத்து, இருவருமாகக் குந்தியிருந்து தேடினோம். அது நல்லது, வேண்டாம், இது கொஞ்சம் பரவாயில்லை, வேண்டாம் என்று கழித்துக் கழித்து, கடைசியில் ஒன்று கிடைத்தது. தொட்டால் விரல் உள்ளே போனது. வெளியே மட்டும் மினுக்கம்.

அப்பிளர் கதவைத் திறந்தார். சவரம் செய்யாத முகம். நான் அப்பிளை நீட்டினேன். அவர் பார்க்காமலே வாங்கினார். உள்ளே போகத் திரும்பியவரின் பெருவிரல், பழக்க தோசத்தில், தோளில் அமர்ந்தது. நின்றார். காதோடு வைத்துச் சுண்டினார். காம்படியை மோந்தார். நெற்றியில் அந்தச் சுருக்கம் விழுந்தது.

"பிள்ளை, உனக்குக் கண் இல்லையோ? இதை ஆர் உன்ர தலையில கட்டினது? எண்பது வீதம் பழுது."

படி இறங்கிப் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஒரு பிரசங்கம் நடந்தது. குளிர்ப்பெட்டியில் தொடங்கி, மெழுகுக்கு வந்து, மல்லியின் வம்சம் வரை போனது. நான் தலை குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டேன். கடைசியில் காம்படியில் ஒரு குறியைப் போட்டு, கொண்டுபோய் எறி என்று என் கையில் திணித்தார்.

நான் எறியவில்லை. மிஞ்சிய இருபது வீதத்தையும் வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி, ஒரு பீங்கானில் போட்டு அவர் கதவைத் திரும்பத் தட்டினேன். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டு, உப்புக் கூடிப்போச்சு, பரிமளம் இப்பிடிப் போடமாட்டாள் என்றார். பிறகு பீங்கானை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நாளைக்கு விடியச் சந்தைக்குப் போக வேண்டும். மல்லியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், இதைவிட மோசமானதாக ஒன்று பார்த்து வைக்கும்படி.